கத்திக்கு முன்னே கதிர்ப்படம்

2009ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், நெடும்போருக்குப் பின் ஆனையிறவு அரச படையினர் வசமாயிற்று. அதே மாதத்தில் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்று, குழந்தைகளுக்கு உண்டாகும் ஒருவகைக் கட்டியைப் பற்றிய சர்வதேச வகுப்புமுறையை வெளியிட்டது. தொடர்பற்றனவாகத் தோன்றும் இவ்விரு செய்திகளுக்கும் இடையே ஒரு வீதி கிடக்கின்றது.

அக்கட்டியின் பெயர் நியூரோபிளாஸ்டோமா. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையே பற்றுவது. வயிற்றிலோ நெஞ்சிலோ முதுகெலும்பின் மருங்கே முளைத்து, பெருநாடி முதலிய குருதிக்குழாய்களைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். 1988ஆம் ஆண்டின் வகுப்புமுறையோ, சத்திரசிகிச்சையில் எவ்வளவு அகற்றப்பட்டது என்பதைக் கொண்டே நோயின் படியைக் கணித்தது. துணிந்த வைத்தியர் கையில் ஒரு படி, தயங்கியவர் கையில் வேறொரு படி! வயிற்றைத் திறந்த பின்னரே ஆபத்து தெரியவந்தது.

1895இல் றொண்ட்ஜன் கண்ட கதிர்கள் எலும்பைக் காட்டின. மென்தசைக்குள் புதைந்த குழாய்களைத் தெளிவாகக் காட்டவில்லை. 1971இல் லண்டனில் முதன்முதலாக நோயாளியொருவரின் தலையைப் படம்பிடித்த சி.டி. ஸ்கான் அக்குறையை நீக்க வழி திறந்தது. 2005இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றின்படி, படத்தில் ஆபத்துக்குறி காணப்படாத பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்கும், காணப்பட்டோரில் 17 பேருக்கும் சத்திரசிகிச்சையால் சிக்கல்கள் நேர்ந்தன. இதன் வழியே 2009இன் முறை, கத்தி எடுக்குமுன் படத்திலேயே தேடவேண்டிய குறிகளைப் பட்டியலிட்டது. நாடியின் சுற்றளவில் பாதிக்கு மேல் கட்டி தழுவியிருந்தால் அது ஒரு குறி. முள்ளந்தண்டுக் குழாய்க்குள் புகுந்து அதன் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்பியிருந்தால் மற்றொன்று. அத்தகைய பிள்ளைக்குப் பெரும்பாலும் முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பின்னரே அறுப்பர். கட்டியின் பருமனைக் கண்டு அஞ்சுவதைக் காட்டிலும் அது எதைத் தழுவி நிற்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

ஆனால், படம் பிடிக்க இயந்திரம் வேண்டும். சிறு பிள்ளையை அசையாது கிடத்த மயக்க மருந்தறிந்தவர் வேண்டும். படத்தை வாசிக்கத் தேர்ந்த கண் வேண்டும். இவற்றை நாடி வன்னிப் பிள்ளை வடக்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லின் ஆனையிறவைக் கடக்கவேண்டும். தெற்கே மகரகமவுக்காயின் ஓமந்தையை. 1990 முதல் 2002 வரை அடைபட்டிருந்த ஏ-9 வீதியின் வடபாதை, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. வகுப்புமுறை வெளியான மாதத்தில் வன்னிக்குள் அகப்பட்டிருந்த குடும்பங்களுக்கு இருதிசையும் போர்முனை.

போர் ஓய்ந்த பின் வீதி திறந்தது. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியைக் கொண்டு, தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து அங்கு செல்வோர் இன்று ஆனையிறவைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றனர்.