செவ்வாயில் பாறை சுரண்டிய நியூயார்க் கம்பெனி!

ஸ்பேஸ் டெக் கம்பெனின்னா ஊருக்கு வெளியே பெரிய கேம்பஸ், ஏக்கர் கணக்கில் லேப், வாசலில் ராக்கெட் மாடல்னுதானே நினைப்போம்? 'ஹனிபீ ரோபாட்டிக்ஸ்' அப்படி இல்லை. 1983-ல் ஸ்டீஃபன் கோர்வனும் கிறிஸ் சாப்மனும் நியூயார்க்கில் தொடங்கிய சின்ன கம்பெனி. கடைகளும் குடியிருப்புகளும் நெருக்கியடிக்கும் லோயர் மன்ஹாட்டனில், எலிசபெத் தெருவில்தான் ரொம்ப வருஷம் ஆபீஸ். கீழே தெருவில் டாக்ஸி ஹாரன், உள்ளே செவ்வாய்க்குப் போகப்போகும் இயந்திரம்!

ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டினு நாசாவின் இரட்டை ரோவர்கள் ஞாபகம் இருக்கா? அவற்றின் கைநுனியில் இருந்த பாறை தேய்க்கும் கருவி இவங்க செய்ததுதான். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தா 'ராட்', அதாவது எலி. செவ்வாயின் பாறைகள் மேலே தூசும் பழைய பொருக்குமா இருக்கும். உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும்னா மேல்தோலைச் சுரண்டியாகணும். அந்த வேலைக்குத்தான் இந்த எலி. கூல்டிரிங்ஸ் டின் அளவு, எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. சுமார் 30 வாட் மின்சாரத்தில் ஓடும். நம்ம வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் இழுக்கிறதில் பாதிகூட இல்லை. அதை வெச்சே வைரத்துகள் பதித்த பற்களால் 45 மில்லிமீட்டர் அகலத்துக்கு, 5 மில்லிமீட்டர் ஆழம் வரை பாறையைத் தேய்க்கணும். பூமியில் ஒரு டிரில்லிங் மெஷினை உடம்பு பலத்தையெல்லாம் போட்டு அழுத்துவோம். ரோவரின் மெல்லிய கைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

இந்த மாதிரி கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களுக்கு உண்மையான பாஸ் மேனேஜர் இல்லை, கிரகங்கள். பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு வர்றது சுமார் 26 மாசத்துக்கு ஒரு தடவைதான். 2003-ல் விட்டா 2005. 'ரெண்டு வாரம் டைம் கொடுங்க'னு கேட்க யாருமில்லை.

இப்படி ஓடிக்கிட்டிருந்தப்போதான் 2001 செப்டம்பர் 11 வந்தது. அன்னிக்குக் காலையில் கோர்வன் சைக்கிளில் ஆபீஸுக்குப் போய்க்கிட்டிருந்தார். உலக வர்த்தக மையத்துக்கு ஆறு தெரு தள்ளி இருந்தப்போ, முதல் விமானம் மோதுறதுக்கு முன்னாடி அதன் இன்ஜின் சத்தத்தைக் கேட்டவர் அவர். ஆபீஸிலிருந்து கோபுரங்கள் ஒரு மைலுக்கும் குறைவான தூரம். ஊரே நிவாரணப் பணிக்கு ஓடியது. இவங்களுக்கோ டெட்லைன். உதவி முகாம்களுக்குப் போக முடியாம, டேபிள் முன்னாடி உட்கார்ந்து செவ்வாய் கருவிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டிருந்தா மனசு என்ன பாடுபடும்?

அந்தத் தவிப்பில் பிறந்ததுதான் அடுத்த விஷயம். மேயர் அலுவலகத்தின் உதவியோட, 2001 டிசம்பர் 1 அன்னிக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே இரண்டு கோபுரங்களின் இடிபாட்டிலிருந்து எடுத்த, முறுக்கிக் கிடந்த அலுமினியத் தகடு. டாம் மைரிக் என்ற இன்ஜினீயர் அதைத் தானே டெக்சாஸில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே அது கேபிளைப் பாதுகாக்கும் உறையா கடைஞ்செடுக்கப்பட்டது. நியூயார்க் திரும்பியதும் அமெரிக்கக் கொடியின் படத்தை அதன்மேல் பதித்தார். இரண்டு ரோவர்களுக்கும் ஒவ்வொரு உறை. அலங்காரத்துக்காக வெச்ச துண்டு இல்லை அது, வேலை செய்யும் பாகம். எனக்குப் பிடிச்சது அதுதான். இதை அப்போ அவங்க பெருசா விளம்பரமும் பண்ணிக்கலை.

2004 ஜனவரியில் ரோவர்கள் இறங்கின. அதோட வாழ்க்கை இன்னும் குழம்பியது. செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. ஆரம்ப மாசங்களில் கலிஃபோர்னியாவில் ரோவர்களை இயக்கிய குழுவினர் அந்தக் கடிகாரப்படிதான் வாழ்ந்தாங்க. இன்னிக்குக் காலை 9 மணிக்கு ஷிஃப்ட்னா, நாளைக்கு 9.40. ரெண்டரை வாரம் கழிச்சு அதே ஷிஃப்ட் ராத்திரி 9 மணிக்கு! நம்ம ஊர் நைட் ஷிஃப்ட்கூடப் பரவாயில்லை, ஒரே நேரத்திலாவது வரும்.

90 நாள் ஆயுள்னு திட்டமிட்ட ரோவர்களில், ஸ்பிரிட் 2010 மார்ச் வரை பேசியது. 15 இடங்களில் பாறையைத் தேய்ச்சதில் அதன் எலிக்குப் பல்லே தேஞ்சுபோச்சு. அப்புறம் கூடவே இருந்த பிரஷ்ஷால் தூசி தட்டியே பிழைப்பை ஓட்டியது. ஆப்பர்சூனிட்டி 2018 ஜூன் வரை தாக்குப்பிடித்தது.

செவ்வாய்க்கு அனுப்ப வேண்டியதை எங்கே டெஸ்ட் பண்றது? இவங்க டிரில்களைத் தூக்கிக்கிட்டு ஆர்க்டிக்கின் டெவன் தீவு, அன்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்கு, சிலியின் அட்டகாமா பாலைவனம்னு சுத்தியிருக்காங்க. இன்ஸ்டாவில் போட்டா லைக்ஸ் அள்ளும். ஆனா, அங்கே போறது குளிர்லயும் புழுதியிலயும் டிரில் சிக்கிக்கிட்டா என்ன ஆகும்னு பார்க்க.

2022-ல் ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் ஹனிபீயை வாங்கியது. அதனால 'சின்ன கம்பெனி' என்ற பட்டம் இப்போ பொருந்தாது. வேலையின் ரிஸ்க் மட்டும் அப்படியேதான் இருக்கு. 2025 மார்ச்சைப் பாருங்க. 2-ம் தேதி புளூ கோஸ்ட் லேண்டர் நிலவில் நேராக இறங்க, அதிலிருந்த இவங்களோட 'பிளானட்வேக்' நைட்ரஜன் வாயுவை ஊதி மண்ணை வாரி எடுத்தது. நாலு நாள் கழிச்சு, ஒரு மீட்டர் ஆழம் துளையிடக்கூடிய 'டிரைடென்ட்' டிரில்லைச் சுமந்துபோன அதீனா லேண்டர், தென்துருவத்துக்கு அருகே பக்கவாட்டில் சாய்ந்துடுச்சு. டிரில்லில் எந்தக் கோளாறும் இல்லை. கட்டளை கொடுத்ததும் நீண்டது, சுருங்கியது. தோண்டத்தான் கீழே தரை இல்லை. மறுநாளே மிஷன் முடிந்ததா அறிவிச்சுட்டாங்க.

அடுத்தது சனிக் கிரகத்தின் டைட்டன் நிலவு. அங்கே பறக்கப்போகும் நாசாவின் டிராகன்ஃபிளைக்கு மண் எடுக்கும் டிரில்லும் ஹனிபீ பொறுப்புதான். கிளம்புறது 2028-ல். போய்ச் சேர்றது 2034-ல். இப்போ 28 வயசில் அந்த டிரில்லுக்கு வயரிங் பண்றவர், அது ஒழுங்காத் தோண்டுதானு தெரிஞ்சுக்கிறப்போ நாற்பதைத் தொடப்போயிருப்பார்.