சி.ஐ.டி. தொடர்: திரையில் முடிந்த வழக்குகள்

இந்தியத் தொலைக்காட்சியில் மிக நீண்ட காலம் ஓடிய காவல்துறைத் தொடர்களுள் முதன்மையானது ‘சி.ஐ.டி.’. பி.பி. சிங் உருவாக்கிய இந்த இந்தித் தொடர், சோனி தொலைக்காட்சியில் 1998 ஜனவரி 21 அன்று தொடங்கியது. 1,547 பகுதிகளுக்குப் பின் 2018 அக்டோபர் 27 அன்று நின்று, 2024 டிசம்பரில் மீண்டும் வந்தது. காவல்துறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தலைமுறை இத்தொடரின் வழியாகவே அறிந்துகொண்டது.

தொடரின் அமைப்பு

வங்கி ஊழியராக இருந்து நடிப்புக்கு வந்த சிவாஜி சாட்டம், ஏ.சி.பி. பிரத்யுமன் வேடத்தை ஏற்றார். ஆதித்ய ஸ்ரீவஸ்தவா அபிஜீத்தாகவும், தயானந்த் ஷெட்டி பூட்டிய கதவுகளை உடைக்கும் தயாவாகவும் நடித்தனர். 2004 நவம்பர் 7 அன்று ஒளிபரப்பான 111 நிமிடப் பகுதி, இடையில் எங்கும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டுச் சாதனையாகப் பதிவானது.

தடய அறிவியலை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது தொடரின் நல்ல பங்களிப்பு. டாக்டர் சாலுங்கேயின் ஆய்வகம் இல்லாமல் கதை நகராது. இத்துறையில் தமிழ்நாட்டுக்கு மூத்த வரலாறு உண்டு: இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் சென்னையில் அமைந்தது.

விடுபட்ட பாதி

பெரும்பாலான கதைகளில் குற்றவாளி ஏ.சி.பி.யின் முன்னால் உண்மையைச் சொல்வான், தூக்குத்தண்டனை உறுதி என்று அவரே அறிவிப்பார், கதை முடியும். 1990இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘லா அண்ட் ஆர்டர்’ முதல் பாதியைக் காவல்துறைக்கும் மறுபாதியை நீதிமன்றத்துக்கும் ஒதுக்கியது. சி.ஐ.டி.யில் அந்த மறுபாதி இல்லை.

உண்மையில் வழக்கு எப்படி நகரும் என்பதற்கு விருதுநகர் மாவட்டத்தைப் பார்க்கலாம். ராஜபாளையத்தில் ஒரு கொலை வழக்கு பதிவானால், கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான பின் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தாலும், மாவட்ட முதன்மை நீதிமன்றம் இயங்குவது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, ஆய்வக அறிக்கை என வழக்கு கடக்க வேண்டிய தூரம் அதிகம்.

அங்கே ஏ.சி.பி. பிரத்யுமன் பெற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்றது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம்.

இந்த விதி பிறந்ததற்குக் காரணம் உண்டு. வரி வசூலிலும் காவல் விசாரணையிலும் சித்திரவதை வழக்கமாக இருந்ததை, சென்னை மாகாணத்தில் விசாரித்த ஆணையம் 1855இல் பதிவுசெய்தது. அடித்து வாங்கும் வாக்குமூலம் உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இத்தடை இடம்பெற்றது.

அறையும் கைதட்டலும்

சந்தேக நபரைத் தயா அறையும் காட்சி ரசிகர்களுக்குப் பிடித்தமானது. தொடர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே, 1996 டிசம்பரில், டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான நெறிமுறைகளை வகுத்திருந்தது: கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை ஆகியவை அவற்றுள் சில. திரையில் இவற்றுக்கு இடமில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் தாக்கப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, இந்நெறிமுறைகள் யாருக்காக எழுதப்பட்டவை என்பது நாட்டுக்கே புரிந்தது.

சி.ஐ.டி.யைப் பொழுதுபோக்காக ரசிப்பதில் தவறில்லை. தடயத்தைத் தேடச் சொன்னது அதன் பலம். ஆனால் அறையைப் பார்த்துக் கைதட்டியவர்கள், கைதானவன் குற்றவாளிதான் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். கதாசிரியர் அதை உறுதிசெய்திருந்தார். காவல் நிலையத்தில் அந்த உறுதியை யாரும் தர முடியாது. அதனால்தான் வழக்கு ராஜபாளையத்தில் முடியாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போகிறது.