பாலர்ட் நீர்ப்பூட்டில் படகு வரிசை: முறையும் மரியாதையும்

1. களம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் ஏரியும் யூனியன் ஏரியும் ஒரு கால்வாய் வழியாகப் பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியோடு இணைகின்றன. ஏரிகளின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 20 முதல் 22 அடிக்குள் நிறுத்தி வைக்கப்படுகிறது. கடலோ ஓதத்துக்கேற்ப ஏறி இறங்குவது. ஆகவே ஏரியை விட்டுக் கடலுக்குப் போகும் படகு ஒரு வேளையில் 6 அடி இறங்கினால் போதும். இன்னொரு வேளையில் 26 அடி இறங்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கடக்க உதவுவது 1917இல் திறக்கப்பட்ட பாலர்ட் நீர்ப்பூட்டு. பொறியாளர் ஹைரம் சிட்டெண்டனின் பெயரைத் தாங்கிய இதனை அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை நடத்துகிறது.

இங்கே இரண்டு அறைகள் உள்ளன. பெரியது 825 அடி நீளமும் 80 அடி அகலமும் கொண்டது. சிறியதன் நீளம் 150 அடி. படகுகள் உள்ளே வந்ததும் கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ மட்டத்தைச் சமமாக்கி, எதிர்க் கதவைத் திறப்பார்கள். கட்டணம் கிடையாது. எனவே எவ்வளவு பெரிய செல்வரானாலும் காசு கொடுத்து முன்னிடம் வாங்க முடியாது. இந்த இடத்தின் ஒழுக்கத்தை ஆராய இதுவே நல்ல தொடக்கம்.

2. வரிசை எதனால் ஆனது

ரேஷன் கடையில் முன்னால் வந்தவருக்கு முதலில் கிடைக்கும். அந்தப் பழக்கத்தோடு நீர்ப்பூட்டுக்கு வருபவர் சீக்கிரம் கோபப்படுவார். இங்கே வந்த நேரம் ஒரு கணக்குதான். அதற்கு மேல் இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது, கலத்தின் தன்மை. அரசுக் கலங்களுக்கு முன்னுரிமை. பிறகு பயணிகளும் சரக்கும் ஏற்றிய வணிகக் கலங்கள். உல்லாசப் படகுகள் கடைசி. இது நியாயமானதே. கால்வாயின் உட்பகுதியில் மீனவர் துறைமுகம் இருக்கிறது. அலாஸ்காக் கடலுக்குப் போய் உழைக்கும் படகுகள் அங்கே நன்னீரில் ஓய்வெடுக்கின்றன. பிழைப்புக்குப் போகிறவருக்கு, பொழுதுபோக்குக்குப் போகிறவர் வழிவிடத்தான் வேண்டும்.

இரண்டாவது, அறையில் பொருந்தும் அளவு. பெரிய கலத்தை முதலில் உள்ளே விட்டுச் சுவரோரம் கட்டச் செய்து, மிச்ச இடத்தில் சிறியவற்றை நிரப்புவது வழக்கம். அதனால் ஒரு மணி நேரம் காத்திருந்த 40 அடிப் படகைத் தாண்டி, இப்போதுதான் வந்த 20 அடிப் படகு அழைக்கப்படலாம். அது குறுக்கே புகுந்ததாக ஆகாது. மிஞ்சிய இடம் அதன் அளவுக்கு இருந்தது, அவ்வளவே. யார் எப்போது என்று முடிவு செய்பவர் மேலே நிற்கும் பணியாளர். முழு அறையும் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. அவரோடு வாதாடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பின்னால் நிற்கும் அத்தனை படகுகளும் காத்திருக்கின்றன.

காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை குறைவு. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்பது. காத்திருப்புச் சுவரில் கட்டினால், நடுவே வீண் இடைவெளி விடாமல் முன் படகை ஒட்டிக் கட்டுவது. கதவிலிருந்து வெளிவரும் படகுகளுக்கு வழி விட்டிருப்பது.

3. தயார்நிலையே மரியாதை

நீர்ப்பூட்டில் மரியாதை என்பது இனிமையாகப் பேசுவதில் தொடங்குவதில்லை. கயிறு கையில் இருப்பதில் தொடங்குகிறது. பெரிய அறைக்குள் வருவோர் 50 அடிக் கயிறு இரண்டு, முனையில் வளையம் போட்டது, படகின் முன்முனையான அணியத்துக்கு ஒன்றும் பின்முனையான அமரத்துக்கு ஒன்றுமாகக் கொண்டுவர வேண்டும். எந்தச் சுவரோரம் நிறுத்துவார்கள், பக்கத்தில் எந்தப் படகு வரும் என்று முன்கூட்டியே தெரியாது; எனவே மோதலைத் தாங்கும் ஃபெண்டர்கள் இரு பக்கமும் தொங்க வேண்டும். உள்ளே வந்தபின் அடித்தட்டில் கயிறு தேடுகிறவர் எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்.

முன்னோக்கி நகரும் படகை அணியக் கயிற்றால் முதலில் பிடித்து நிறுத்தினால், அணியம் சுவரை நோக்கித் திரும்பும், அமரம் வெளியே வீசி அறையின் நடுவில் குறுக்காகும். அதனால்தான் அமரக் கயிற்றை முதலில் கொடுப்பது நல்லது. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. பக்கத்துப் படகுக்காரர் கைநீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டால் ஒரு நொடியில் சரியாகிவிடும்.

பெரிய அறையின் சுவர் நகராதது. நீர் இறங்கும்போது கயிற்றை முடிச்சிட்டு விட்டால் படகு கயிற்றில் தொங்கிப்போகும். கயிற்றைப் படகிலுள்ள கட்டையில் சுற்றி, முடிச்சிடாமல், கையால் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும்போது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் சுற்றுக்குள் போகக் கூடாது. சிறிய அறையில் மிதக்கும் சுவர்கள் படகோடு சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் வேலை குறைவு. ஆனாலும் அவை எங்காவது சிக்கி நின்றுவிடலாம். அங்கேயும் ஒருவர் கயிற்றருகே இருந்தாக வேண்டும்.

4. ஒன்றோடொன்று கட்டுண்ட படகுகள்

நெரிசலான நாளில் சுவரோரப் படகின் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என அணைத்துக் கட்டுவார்கள். முன்பின் அறியாதவரின் படகு உங்கள் கயிற்றின் பலத்தில் நிற்கிறது. இதை மறுக்கும் உரிமை இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். பளபளக்கும் வண்ணப்பூச்சு கீறிவிடும் என்ற கவலை. இங்கே நான் அவர்கள் பக்கம் இல்லை. கீறல் படக் கூடாதென்றால் ஃபெண்டரைக் கூட்டலாம். இடத்தைக் குறைக்கக் கூடாது.

5. கதவு திறந்தபின்

மட்டம் சமமானதும் அவசரம் தலைகாட்டும். அந்த வேளையில்தான் பொறுமை அதிகம் தேவை. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஏரிப்பக்கக் கதவு திறக்கும்போது உப்புநீர் அடியில் ஏரிக்குள் நழுவ, மேலே நன்னீர் அறைக்குள் பாய்கிறது. கடல்பக்கக் கதவு திறக்கும்போது மேல்நீர் வெளியே ஓடும். படகுகளைப் பின்னாலிருந்து தள்ளும். மட்டம் சமமாகிவிட்டதே என்று கயிற்றை அவிழ்த்தவர் இந்த ஓட்டத்தில் முன்படகில் போய் இடிப்பார். பணியாளர் சொல்லும்வரை கயிறு அவிழக் கூடாது. வெளியே கட்டியவர் கிளம்பாமல் உள்ளே கட்டியவர் கிளம்பவும் முடியாது. கிளம்பியபின், வழிகாட்டுச் சுவர் முடியும்வரை எஞ்சினை மெதுவாகவே ஓட்ட வேண்டும். பின்னால் அறைக்குள் இன்னும் சில படகுகள் கட்டியபடி நிற்கும். எழுப்பும் அலை நேராக அவற்றின் மேல்தான் போய் மோதும்.