கூம்பி உயரும் கோபுரங்கள்



சேலம், நாமக்கல் சமவெளியில் வழிச்செல்வோரைத் தொலைவிலிருந்தே வரவேற்பன திருக்கோயிற் கோபுரங்கள். கெட்டி முதலி மரபினர் திருப்பணி செய்த தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் ஐந்நிலைக் கோபுரத்தை நோக்குங்கால், அடி அகன்று முடி குறுகி எழும் அதன் வடிவம் நம் உள்ளத்தைக் கவர்கிறது. எகிப்து நாட்டுப் பிரமிடுகளும் இவ்வாறே கூம்பி உயர்வன. ஆயினும் அவை மாண்ட மன்னர்க்கு எழுந்த கல்லறைகள். இவையோ என்றுமுள்ள இறைவனின் திருவாயில்கள்.

இவ்வடிவம் ஆசியாக் கண்டத்தில் சைவம் பரவிய இடங்களிலும் விளங்கிற்று. கம்போடிய நாட்டின் கோக்கேர் நகரில், 10ஆம் நூற்றாண்டில் நான்காம் செயவர்மன் ஏழடுக்குக் கற்பிரமிடு ஒன்றை எழுப்பினான். ஏறத்தாழ 36 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் சிவலிங்கம் வழிபடப்பெற்றது. தஞ்சையில் முதலாம் இராசராசன் எழுப்பிய பெருவிமானம் 1010இல் நிறைவுற்றது. இவ்விரண்டும் கல்லால் அமைந்தவை. இரண்டும் இன்றும் நிற்கின்றன. தஞ்சையில் விளக்கு எரிகிறது. கோக்கேர் உச்சியிலோ இலிங்கமும் இல்லை, பூசையும் இல்லை. 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற அவ்விடத்தைக் காணச் செல்வோர் உளர். வழிபட்டு வந்த ஊர் இன்றில்லை.

இக்காலத்திலும், வடகொரியத் தலைநகரில் 1987இல் தொடங்கிய 105 மாடிப் பிரமிடு வடிவ விடுதி ஒன்று, விருந்தினர் எவரையும் ஏற்காமலே வானளாவி நிற்கிறது. உயரம் மட்டுமே ஒரு கட்டடத்திற்கு உயிர் தாராது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நம் கோபுரங்களின் அமைப்பு இவற்றினும் வேறானது. அடிப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணச் சுதையும். மேலே செல்லச் செல்லச் சுமை குறைவதற்கே இவ்வமைப்பு. ஆனால் மழைநீர் சுதையைக் கரைக்கும். பறவைகள் இட்ட விதை வெடிப்பில் முளைத்து அரசாகவும் ஆலாகவும் வேரோடும். கவனியாது விடின், கல் நிற்கும், கோபுரம் நில்லாது. இதனாலன்றோ பன்னீராண்டிற்கு ஒருமுறை பாலாலயம் செய்து, பழுது நீக்கிக் குடமுழுக்கு ஆற்றும் மரபை நம் முன்னோர் வகுத்தனர்! ஒருவர் ஒருமுறை கட்டி முடித்ததன்று கோபுரம். தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் கட்டப்பெறுவது.

ஆதலின், திருவிழாக் காண வந்த நாம் கோபுரத்தை வணங்குவதோடு அமையாது, அதன் இடுக்கில் துளிர்த்த செடியையும் நோக்குவோமாக. திருப்பணிக்கு ஒரு செங்கல்லின் விலையேனும் உதவுவோமாக. வழிபடுவோர் உள்ளவரையே கோபுரம் கோபுரமாக விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.