எழுத மறுத்த எழுதுகோல்

அமைதி என்பது போர் ஓய்ந்த நிலை மட்டும் அன்று. வாள் உறையில் உறங்கிய காலத்திலும் மனிதனை மனிதன் விலைக்கு விற்றான். சட்டம் அதற்குத் துணைநின்றது. சமயப் பற்றுடையோரும் வாய்மூடி இருந்தனர். அத்தகைய காலத்தில், தம் எழுதுகோலைக் கீழே வைத்து ஒரு சமூகத்தின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியவர் ஜான் வூல்மன்.

அவர் பிறந்த சமயக் குழுவினரைக் குவேக்கர் என்பர். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து உள்நாட்டுப் போரால் கலங்கியிருந்தபோது, ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் இளைஞர் மெய்ப்பொருளைத் தேடி 1643இல் வீட்டை விட்டு வெளியேறினார். குருமார் பலரை நாடியும் அவர் மனம் நிறைவுறவில்லை. இறைவனின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு, அதனைக் காண இடைத்தரகர் வேண்டுவதில்லை என்பதே அவர் கண்ட தெளிவு. அவர்வழி வந்தோர் தம்மை 'நண்பர்கள்' என அழைத்துக்கொண்டனர். வழிபாட்டில் மௌனமாக அமர்வர். உள்ளத்தில் உந்துதல் தோன்றியவர் மட்டும் எழுந்து பேசுவர். முடிவெடுக்க வாக்கெடுப்பு இல்லை. கூடியோர் கருத்து ஒன்றுபடும்வரை காத்திருப்பர். எக்காரணம் பற்றியும் படைக்கலம் ஏந்துவதில்லை என 1661இல் மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அறிவித்தவர்களும் இவர்களே.

ஆயினும், வாளை வெறுத்த இவர்களுள் பலர் வட அமெரிக்காவில் குடியேறியபின் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தனர். 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் இதனைக் கண்டித்து மடல் வரைந்தனர். அது ஒரு கூட்டத்திலிருந்து மற்றொரு கூட்டத்திற்குச் சென்று, இறுதியில் முடிவின்றிக் கிடந்தது.

வூல்மன் 1720இல் நியூ ஜெர்சியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இருபத்தொரு வயதில் மௌண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு கடையில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். ஒருநாள், கடை முதலாளி தம் அடிமைப்பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரம் எழுதுமாறு அவரைப் பணித்தார். வாங்கியவரோ, வயது முதிர்ந்த ஒரு குவேக்கர். அவர் அருகிலேயே காத்திருந்தார். வூல்மன் உள்ளம் நடுங்கியது. ஆயினும் எழுதினார். எழுதியபின், அடிமை முறை சமயத்திற்கு ஒவ்வாதது என்று இருவர் முன்னிலையிலும் கூறினார். எழுதும் முன்பே மறுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் அவரை விட்டு அகலவில்லை. அப்பெண்ணின் பெயரை அவருடைய நாட்குறிப்பு கூறவில்லை. அவர் பட்ட வருத்தத்தை மட்டுமே கூறுகிறது. சில காலத்திற்குப்பின் மற்றொருவர் அத்தகைய பத்திரம் எழுதக் கேட்டபோது, வூல்மன் மறுத்துவிட்டார்.

அவர் மறுத்த முறை எண்ணத்தக்கது. காயமுற்ற அண்டை வீட்டார் ஒருவர் உயில் எழுதித் தருமாறு அவரைக் கேட்டார். அடிமையைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எழுதி, படுக்கையருகே அமர்ந்து படித்துக் காட்டினார் வூல்மன். அதனை எழுதத் தம் மனம் இடந்தரவில்லை என்றார். எழுதியதற்குக் கூலியும் வேண்டாம் என்றார். இருவரும் அதுபற்றி ஆழ்ந்து உரையாடினர். அந்த மனிதர் அடிமைப்பெண்ணை விடுவிக்க இசைந்தார்; உயிலும் நிறைவுற்றது. சினம் சாதிக்காததைக் கனிவு சாதித்தது.

பின்னர் அவர் வாணிகத்தைச் சுருக்கித் தையல் தொழிலால் வாழ்ந்தார். ஆசிரியராகப் பணியாற்றிச் சிறுவர்க்கு அரிச்சுவடியும் எழுதினார். தென்பகுதிகளில் பயணம் செய்து, அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களை அவர்தம் இல்லங்களிலேயே சந்தித்தார். அடிமைகளின் உழைப்பை இலவசமாகத் துய்க்கலாகாது எனக் கருதி, தங்கிய வீடுகளில் அவர்களுக்கு வெள்ளிக்காசுகளை அளித்தார்.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் காலம் தாழ்த்தலாம் என்ற குரல் எழுந்தபோது, வூல்மன் எழுந்து அதனை மறுத்துரைத்தார். அடிமைகளை வைத்திருப்போரை நேரில் கண்டு அறிவுறுத்த ஒரு குழு அமைந்தது. அதில் அவரும் ஒருவர். 1772இல் இங்கிலாந்து சென்ற அவர், அக்டோபரில் யார்க் நகரில் பெரியம்மையால் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1776இல், அடிமைகளை வைத்திருப்போர்க்குத் தம் குழுவில் இடமில்லை எனப் பிலடெல்பியாக் குவேக்கர்கள் முடிவு செய்தனர். 1787இல் இலண்டனில் அடிமை வாணிகத்தை ஒழிக்க அமைந்த குழுவின் பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர்களே.

ஜெர்மன்டவுன் மடலுக்கும் 1776ஆம் ஆண்டு முடிவுக்கும் இடையே கழிந்தவை 88 ஆண்டுகள். எல்லாரும் ஒன்றுபடும்வரை காத்திருப்பது உரிமையோர்க்கு எளிது. விலங்கு பூட்டப்பட்டோர்க்கு அஃது ஒரு வாழ்நாள். இக்குறையை வரலாறு மறைப்பதற்கில்லை. வூல்மனும் அதனை உணர்ந்திருந்தார். அதனாலேயே தாழ்த்துதலைக் கண்டித்தார்.

1947இல் அமைதிக்கான நோபல் பரிசு பிரிட்டானிய, அமெரிக்கக் குவேக்கர்களின் தொண்டு நிறுவனங்கள் இரண்டிற்கு வழங்கப்பெற்றது. போரால் நலிந்தோர்க்கு அவர்கள் ஆற்றிய பணி உலகறிந்தது. வூல்மனின் தொண்டோ ஒரு சிற்றூர்க் கடையின் மேசையருகே தொடங்கியது. பிறர் குற்றத்தை நோக்குமுன் தன் கை எதனை எழுதுகிறது என நோக்கினார் அவர். அகத்தே தேடிய ஒளி அவர் கையைத் தடுத்து நிறுத்தியது. அந்தக் கை நின்ற இடத்திலிருந்தே அமைதிப்பணி தொடங்கியது.