வயிற்று வழி டயாலிசிஸ்

சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தக் கழிவுகளை, அவருடைய வயிற்றறையின் உட்சவ்வையே வடிகட்டியாகக் கொண்டு நீக்கும் சிகிச்சை. பெரிட்டோனியம் எனப்படும் இச்சவ்வு குடல்களைப் போர்த்தி, வயிற்றுச் சுவரின் உட்புறத்திலும் படிந்திருக்கிறது. விரித்தால் ஏறத்தாழ உடல்தோலின் பரப்பு இருக்கும். குளுக்கோஸ் கலந்த கரைசலைச் சுமார் 2 லிட்டர் குழாய் வழியே உள்ளே விட்டு நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்திருந்தால், சவ்விலுள்ள நுண்குழாய்களிலிருந்து யூரியாவும் பிற கழிவுகளும் அதில் வந்து சேர்கின்றன. உடலில் தேங்கிய நீரைக் குளுக்கோஸ் இழுத்துக்கொள்கிறது. பிறகு அந்தக் கரைசலை வடித்துவிட்டுப் புதுக் கரைசலை விட வேண்டும். கையால் மாற்றுபவர்கள் இதைப் பொதுவாக நாளுக்கு நான்கு முறை செய்கிறார்கள்; இயந்திரமும் ரத்தக்குழாயில் ஊசியும் தேவையில்லை. தத்துவம் இவ்வளவுதான். ஆனாலும் இது வீடுகளில் பரவ அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்தின் காரணத்தைச் சவ்வில் தேடிப் பயனில்லை. குழாயும் கரைசல் கலமும் சேரும் இணைப்பில் தேட வேண்டும்.

ஜெர்மனியின் கெயோர்க் கான்டர் 1923இல் விலங்குகளிலும், பின் நோயாளியிடமும் இம்முறையைச் சோதித்தார். 1946இல் பாஸ்டனில் ஃபைன், ஃபிராங்க், செலிக்மன் மூவரும் திடீரெனச் சிறுநீரகம் நின்றுபோன ஒருவரை இதன் துணையால் பிழைக்க வைத்த செய்தியை வெளியிட்டனர். ஆகவே சவ்வின் திறமை அப்போதே நிரூபணமாகிவிட்டது. கிருமி புகுந்து வயிற்றறை அழற்சி காண்பதுதான் தீராத தொல்லையாக நின்றது. 1968இல் சியாட்டிலில் ஹென்றி டெங்காஃப் உருவாக்கிய சிலிக்கோன் குழாய், அதைச் சுற்றிய துணிப்பட்டைகள் திசுவோடு ஒட்டி வளர்வதால் கிருமியின் ஒரு வழியை அடைத்தது. ஒவ்வொரு முறையும் வயிற்றைத் துளைக்கும் அவதியும் ஒழிந்தது. 1970களின் நடுவில் டெக்சஸ் மாநில ஆஸ்டினில் பொறியாளர் ராபர்ட் பப்போவிச்சும் மருத்துவர் ஜாக் மான்கிரிஃபும் கணக்குப் போட்டு, கரைசலை நாள் முழுவதும் வயிற்றிலேயே வைத்திருந்து சில முறை மாற்றினால் போதும் என்றனர். 1976இல் அவர்கள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை ஒரு மருத்துவ மாநாட்டினர் ஏற்கவில்லை என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். அவர்கள் பயன்படுத்தியவை கண்ணாடிப் புட்டிகள். சராசரியாக 10 வாரத்துக்கு ஒருமுறை அழற்சி கண்டது. டொரான்டோவில் டிமிட்ரியோஸ் ஒரியோபுலோஸ் புட்டிக்குப் பதிலாக மடங்கும் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். காலிப் பையைக் கழற்றாமல் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கழிவை அதிலேயே வடிக்கலாம். ஆகவே கழற்றிப் பூட்டும் தடவைகள் குறைந்தன. அழற்சி ஏறத்தாழ 10 மாதத்துக்கு ஒருமுறையாயிற்று. சவ்வும் தத்துவமும் மாறவில்லை, மாறியது கலம். பின்னர் இத்தாலியர் கொண்டுவந்த ஒய் வடிவக் குழாய், புதுக் கரைசலை ஏற்றுமுன் இணைப்பைக் கழுவிவிட்டது. இன்று பன்னாட்டு வழிகாட்டுதல் கேட்பது, ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4க்கு மேற்படாத அழற்சி. அதாவது இரண்டரை ஆண்டுக்கு ஒன்று.

புழுக்கமும் நெருக்கடியுமான வீட்டில் இந்தச் சுத்தம் சாத்தியமா என்ற ஐயத்துக்கு மேற்கண்ட எண்களே பெரும்பகுதி விடை. வலுவான மறுப்பு வேறொன்று: ஆண்டுக்கணக்கில் குளுக்கோஸில் ஊறும் சவ்வு தன் திறனை இழக்கிறது, பலர் சில ஆண்டுகளுக்குப் பின் இயந்திர டயாலிசிஸுக்கு மாற நேர்கிறது. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொடக்க ஆண்டுகளில் சிறுநீரகத்தில் எஞ்சிய செயல்திறனை இம்முறை நன்றாகக் காப்பதாகவே கருதப்படுகிறது. இரண்டில் எது ஆயுளைக் கூட்டும் என்று குலுக்கல் முறையில் அறிய நெதர்லாந்தில் முயன்றபோது 38 பேரே உடன்பட்டனர். தீர்ப்புச் சொல்ல அது போதாது. நோயாளியின் விருப்பம் அவ்வளவு அழுத்தமானது.

உலகில் டயாலிசிஸ் பெறுவோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரே இம்முறையில் இருக்கிறார்கள் என்பதை அதன் பலவீனத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஹாங்காங் அந்த வாதத்தைக் குலைக்கிறது. 1985 முதல் அங்கு அரசு மருத்துவமனைகள் இதையே முதலில் தருவதால் பெரும்பான்மையினர் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். அமெரிக்காவில் 2011இல் கட்டண முறை மாறியபின் இதன் பங்கு உயர்ந்தது. ஹாங்காங்கினரின் சவ்வு வேறல்ல. பணம் கொடுப்பவர் வகுத்த விதி வேறு. பைகளைச் சேர்ப்பிக்கும் ஏற்பாடும் அதே அளவு முக்கியம். நாளுக்கு நான்கு என்றால் மாதம் 120 பைகள், 240 லிட்டர். வீட்டில் ஒரு மூலையை அவை பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இந்தப் பைகளையும் வீட்டுக்கே கொண்டுசெல்லும் பொருள்களில் சேர்த்தது.