கனடாவைக் கொடுத்து வாங்கிய தீவு

கரீபியன் கடல் பக்கம் ஜாலியாக ஒரு டூர் அடிக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (காசு? அது அப்புறம்!) முதல் தலைவலியே எந்தத் தீவு என்பதுதான். பெரிசும் சின்னதுமாக நூற்றுக்கணக்கில் இறைந்து கிடக்கின்றன. மணலில் துண்டை விரித்துச் சும்மா படுத்துக்கிடக்கிற ஆசாமியா நீங்கள்? பார்படோஸ். ஆட்டம் பாட்டம் வேண்டுமா? கார்னிவல் நேரத்தில் டிரினிடாட். ஒரே நாளில் இரண்டு தேசத்து மண்ணை மிதித்தேன் என்று ஊருக்கு வந்து பீற்றிக்கொள்ள ஆசையா? பாதி பிரெஞ்சு, பாதி டச்சு என்று 1648-லேயே பாகம் பிரித்துக்கொண்ட செயின்ட் மார்ட்டின்.

உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தீவு தேடிப் போகிற வழக்கம் அந்தக் காலத்திலேயே உண்டு. 1751-ல் காசநோயால் இருமிக்கொண்டிருந்த ஒரு அண்ணனை அழைத்துக்கொண்டு 19 வயதுத் தம்பி ஒருவர் பார்படோஸ் போனார். அண்ணன் தேறவில்லை, அடுத்த வருடமே இறந்துபோனார். தம்பிக்கோ போன இடத்தில் பெரியம்மை போட்டுவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பின்னாளில் போர்க்களத்தில் படையே அம்மையில் சுருண்டு விழுந்தபோது, பட்டு அறிந்த அவர், 1777-ல் எல்லாச் சிப்பாய்களுக்கும் அம்மை குத்தச் சொல்லி உத்தரவு போட்டார். தம்பியின் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன்.

ஆனால், 'எந்தத் தீவு?' என்று நிஜமாகவே மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் டூரிஸ்ட்டுகள் இல்லை. இங்கிலாந்தும் பிரான்ஸும்தான்.

குவாதலூப் என்று ஒரு தீவு. 1493-ல் கொலம்பஸ் வந்து பெயர் வைத்துவிட்டுப் போனார். 1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். மேப்பில் பார்த்தால் சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். மொத்தமாக அளந்தால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சின்னது. ஏழாண்டுப் போரில், 1759-ல், இங்கிலாந்து இதைப் பிடித்தது. அதே வருடம் கனடாவில் கியூபெக்கும் அவர்கள் கையில் விழுந்தது. போர் ஓய்ந்து சமாதானம் பேச உட்கார்ந்தபோது, பிரான்ஸுக்கு எதையாவது திருப்பித் தந்தாக வேண்டும். கனடாவா, குவாதலூப்பா?

என்ன சார் கேள்வி இது, என்று சிரிக்காதீர்கள். இதற்காக லண்டனில் ஆளாளுக்குத் துண்டுப் பிரசுரம் எழுதி மோதிக்கொண்டார்கள். கனடாவை விடாதே என்று 1760-ல் எழுதியவர்களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஒருவர்.

நான் பி.காம். படித்தவன். டிமாண்ட், சப்ளை என்று மூன்று வருடம் உருப்போட்டது அப்போது மண்டையில் ஏறவில்லை. இந்தக் கதையைப் படித்த அன்றைக்கு ஏறியது. பிரான்ஸின் கணக்கு சுலபம். கனடா என்றால் பனி, குளிர், விலங்குத் தோல் வியாபாரம். வரவைவிடச் செலவு ஜாஸ்தி. குவாதலூப் என்றால் சர்க்கரை. அன்றைய ஐரோப்பாவில் சர்க்கரைதான் பணம். சரி, அப்படிப்பட்ட தீவை இங்கிலாந்து ஏன் விட்டது? கனடாவை வைத்துக்கொண்டால் வட அமெரிக்காவில் பிரெஞ்சுத் தொல்லை தீரும் என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் சுவாரஸ்யம். ஜமைக்காவிலும் பார்படோஸிலும் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேய முதலாளிகளுக்கு லண்டனில் ஏகப்பட்ட செல்வாக்கு. குவாதலூப் சர்க்கரையும் நம் சந்தைக்குள் வந்தால் விலை விழுந்துவிடுமே என்று அவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் தீவு பிரான்ஸுக்குத் திரும்பிப் போனது. கனடா கைமாறியது.

இந்தப் பேரத்தில் கரும்பு வெட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகப் பிடித்து வரப்பட்ட அடிமைகள் அவர்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1794-ல் விடுதலை வந்தது. எட்டே வருடம்தான். 1802-ல் நெப்போலியன் அனுப்பிய படை அதைப் பிடுங்கிக்கொள்ள வந்து இறங்கியது. லூயி தெல்கிரெஸ் என்ற கலப்பின ராணுவ அதிகாரி எதிர்த்து நின்றார். மலைச்சரிவில் மத்தூபா என்ற இடத்தில் வளைக்கப்பட்டார். மே 28. சரணடைய மனமில்லை. வெடிமருந்துக்குத் தீ வைத்து, தோழர்களோடு தானும் வெடித்துச் சிதறினார். அடிமைமுறை திரும்ப வந்தது. அது ஒழிய 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒழிந்ததும் முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம். கரும்பு வெட்ட யார் கிடைப்பார்கள்? கிடைத்தார்கள். 1854 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களைக் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து வருடங்களில் வந்தவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள் இவர்களில் ஏராளம். கூலி ஒப்பந்தம், ஐந்து வருடம், அப்புறம் ஊர் திரும்பலாம் என்று பேச்சு. பெரும்பாலோர் திரும்பவில்லை. அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட ஓட்டுரிமை கிடையாது என்றார்கள். ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-ல் வழக்குத் தொடுத்தார். ஜெயித்தது 1923-ல்! பேரைப் பாருங்கள், நம் சிதம்பரமேதான்.

இப்போது டூருக்கு வருவோம். குவாதலூப் இன்றைக்கும் பிரான்ஸின் ஒரு மாகாணம்தான். யூரோவில் செலவழிக்க வேண்டும், பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் நல்லது. வலது சிறகான கிராந்த் தேரில் கடற்கரையும் கரும்பும். இடது சிறகான பாஸ் தேரில் காடு, அருவி, உச்சியில் எரிமலை. அது 1976-ல் உறுமியபோது 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டது. பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், பொயிந்த்தா பித்ரே ஊரில், அடிமைகளின் கதையைச் சொல்ல 2015-ல் ஒரு நினைவகம் திறந்திருக்கிறார்கள். அங்கே ஒரு முழு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

அப்படியே கிழக்குக் கரையில் கப்பெஸ்தேருக்கு வண்டியை விட்டால் சாலையோரம் கலர் கலராகக் கோபுரச் சிற்பங்களோடு ஒரு கோயில் தெரியும். கும்பிட்டுவிட்டு வந்தால் பசிக்கும். மெனுவில் 'கொலம்போ' என்று போட்டிருக்கும். பயப்படாமல் ஆர்டர் பண்ணுங்கள். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு எல்லாம் அரைத்துப் போட்ட மசாலாவில் கறிக்குழம்பு. சோறும் கூடவே வரும்.